படகில்லாத ஊரில் ஒரு படகு மெக்கானிக்

அந்த வியாழக்கிழமை பெட்ரோல் பங்க்கில் கேனைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மறுநாள் படகுக்கு வேண்டிய ஐந்து லிட்டர். அங்கே வேலை செய்யும் பெண் என்னை நன்றாக அறிந்தவள். பெட்ரோலை ஊற்றிக்கொண்டே, "பாய் தவறிட்டாரும்மா, உங்களுக்கு யாரும் சொல்லலையா? செவ்வாக்கிழமை ராத்திரி. நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றாள். எந்தப் பாய் என்று நான் கேட்கவில்லை. கேன் சாய்ந்துவிட்டது. பெட்ரோல் வெளியே வழிந்து புடவைக் கொசுவம் நனைந்தது.

நூருல்லா பாயின் கடைக்கு நான்கு வருஷமாகப் போய் வந்திருக்கிறேன். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தும் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அன்றைக்குக் கேனும் கையுமாக நேரே அங்கே போனேன். கேனை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் சுவரோரமாக உட்கார்ந்தேன். வெள்ளைப் புடவையில் இருந்தவர்தான் அவர் மனைவி ஷாஹிதா என்று ஊகித்துக்கொண்டேன். எல்லோரும் உருதுவில் பேசிக்கொண்டார்கள். நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. உறவில்லை, ஒரே தெருவில்லை, ஒரே சாமியும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் என் படகு இன்ஜினுக்கு வைத்தியம் பார்த்தவர் என்று துக்க வீட்டில் எப்படிச் சொல்வது? அரை மணி நேரம் இருந்தேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

நாற்பதாம் நாளுக்கு அவர் கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரலாம் என்றார்கள். இதைப் படிக்கும் உங்களில் பலர் பம்ப்செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் அவரிடம் போனவர்கள். படகுக்காகப் போனவள் நான் ஒருத்திதான். அந்தப் பக்கத்தை எழுத வேறு ஆள் இல்லாததால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காஞ்சிபுரத்தில் எதற்குப் படகு என்று கேட்காதவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் ஸ்டோர் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு கைங்கரியத்தை ஏற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் பெருமாள் கோயில் தாயாருக்கு நூற்றெட்டுத் தாமரை. கடையில் வாங்கியது கூடாது, தன் கையால் பறித்ததாக இருக்க வேண்டும் என்றார். தென்னேரி ஏரியில் கரையோரமெல்லாம் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, நல்ல தாமரை நடு ஏரிக்கு அப்பால் ஒதுங்கியிருந்தது. அதற்காகப் பழவேற்காடு பக்கம் அலைந்து ஒரு பழைய ஃபைபர் படகையும், அதன் பின்னால் மாட்டுகிற சின்ன இன்ஜினையும் வாங்கி வந்தார். அவர் ஓட்டுவார், நான் முன்னால் உட்கார்ந்து பறிப்பேன். பதினோரு வெள்ளிக்கிழமை அப்படிப் போனோம். பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமைக்கு அவர் இல்லை.

பெங்களூரில் இருக்கும் என் மகள், துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பும் முன்பே, படகை யாருக்காவது கொடுத்துவிடம்மா என்றாள். அவள் சொன்னது தப்பில்லை. ஐம்பத்தெட்டு வயதில், நீச்சல் தெரியாத ஒருத்தி, கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பினால் படகு எந்தப் பக்கம் போகும் என்றுகூட அறியாதவள், ஏரிக்கு நடுவில் தனியாகப் போக வேண்டும் என்றால் யார் ஒப்புவார்கள்? ஆனால் படகு போனால் தாமரையும் போய்விடும். அவர் என்னிடம் பாதியில் விட்டுப்போன வேலை அது ஒன்றுதான். அதுவும் நின்றுவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் நான் எதற்கு எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மகளிடம் அதைச் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து ஏரிக்குப் போனால் இன்ஜின் உயிர் பிடிக்கவில்லை. கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம். ஏரிக் காவலர் அதைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக் கொடுத்தார். மழையோ அழுக்கோ படாமல் இருக்க வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியால் சுற்றி, சீட்டில் படுக்கவைத்து, விழாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக் துணியை விலக்கிப் பார்த்து, இது என்னம்மா, மீன் மாதிரி வால் இருக்குது என்றார். இன்னொருவர் தொடவே மாட்டேன் என்றார். மூன்றாமவர்தான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நூருல்லா பாய் என்று ஒருவர் இருக்கிறார், அவர் கடலோரத்தில் வேலை செய்தவர் என்று வழி சொன்னார்.

என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். இடது காலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஒரு மர ஸ்டூல் மேல் அந்தக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் காசிமேட்டில் படகு இன்ஜின் வேலை பார்த்து, கால் ஒத்துழைக்காமல் சொந்த ஊருக்குத் திரும்பியவர் என்பது பிறகு தெரிந்தது. ஆட்டோவில் இருந்த பொட்டலத்தைப் பார்த்து, "அக்கா, மொதல்ல அந்தத் துணிய எடுங்க. செத்தத கட்டியாந்த மாதிரி இருக்குது. இது சாகல" என்றார். சொல்லிவிட்டு என் நெற்றியைப் பார்த்தார். கையைத் துடைத்தார், துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு விரல் நுனியால் அந்த வேட்டியை உருவி, ஒரு சொட்டுக் கறை படாமல் நான்காக மடித்து என்னிடம் நீட்டினார். அந்த மடிப்பை நான் இன்னும் பிரிக்கவில்லை.

அன்றைக்கு இன்ஜினைத் திறந்து அவர் காட்டியது நினைவிருக்கிறது. எண்ணெய் கலந்த பெட்ரோல் மூன்று மாதம் உள்ளேயே நின்று, முற்றிப்போன பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. "பெட்ரோலும் பால் மாதிரிதாங்கா. வச்சிக்கினே இருந்தா கெட்டுப்பூடும். வேலை முடிஞ்சா பெட்ரோல் பைப்ப கழட்டிட்டு, இன்ஜினே தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க" என்றார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். "படகு ரிப்பேர்னு இந்த ஊர்ல போர்டு வச்சா என்னைக் கீழ்ப்பாக்கத்துல சேத்துடுவானுங்க. நீங்க இன்னாடான்னா நோட்டோட வந்துகீறீங்க."

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மீதி எழுத்தெல்லாம் நாலாயிரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தும், வீட்டுக் கணக்கு எழுதியும் நானாகத் தேடிக்கொண்டது. எழுதி வைக்காத நாள் எனக்கு நடந்த நாளாகவே தோன்றாது. அதனால் இன்ஜினுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை மணி நேரம் ஓடியது, எண்ணெய் எவ்வளவு கலந்தேன், பிளக்கை எப்போது துடைத்தேன், பாய் என்ன சொன்னார். இங்கே அவர் பேச்சாக நான் எழுதுவது பெரும்பாலும் அந்த நோட்டில் அன்றன்றே எழுதியது.

முதல் மழைக்கு ஏரி நிறைந்தபோது, ஓட்டுவதற்குக் கடையில் பாய் சொல்லிக்கொடுத்த பாடத்தோடு தனியாகப் படகில் ஏறினேன். அதற்கு முந்தின நாள் முழுக்கப் படகைக் கழுவினேன். தாயாருக்குப் போகும் பூவைச் சுமப்பது ஆயிற்றே. அடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு துளை இருக்கிறது, அதற்கு ஒரு திருகுத் தக்கை. அதைக் கழற்றிவிட்டு சீயக்காய் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் விட்டு அலசிக் காய வைத்தேன். தக்கை தொலைந்துவிடக் கூடாதே என்று முந்தானையில் முடிந்துகொண்டேன். மறுநாள் விடிந்ததும் அதே முடிச்சை நினைவாக வேறு புடவைக்கு மாற்றி முடிந்துகொண்டு கிளம்பினேன். காவலர் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டார். முப்பது அடி போயிருப்பேன், காலடி சில்லென்றது. பார்த்தால் கொசுவம் மிதக்கிறது.

போன் போட்டேன். படகுக்குள் தண்ணீர் வருகிறது பாய் என்றேன். அவர் பதறவில்லை. தக்கை எங்கே என்று கேட்டார். முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன் என்றேன். "அப்ப தக்கை பத்திரமாத்தான் கீது. படகுதாங்கா பத்திரமா இல்ல" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே பின்னால் கைவிட்டுத் துளையைத் தடவச் சொன்னார், தக்கையை உள்பக்கமிருந்தே வைத்துத் திருகச் சொன்னார், பிறகு பூப்பாத்திரத்தால் தண்ணீரை இறைக்கச் சொன்னார். இறைத்து முடிக்கும் வரை போனை வைக்கவில்லை. மறுபக்கம் அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தமும் எடுக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் கடைக்குப் போனபோது ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் இன்ஜின் தானாக நிற்பதற்காக, கையில் மாட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிறு ஒன்று உண்டு. அதன் முனையில் இருக்கும் கொக்கி இன்ஜினில் செருகியிருந்தால்தான் இன்ஜின் ஓடும். அந்தக் கொக்கியையும் தக்கையையும் ஒரே வளையத்தில் கோத்துக் கொடுத்தார். பக்கத்துத் தறிக்காரரிடம் கேட்டு வாங்கிய பட்டு நூலைப் பத்துப் பிரி சேர்த்து முறுக்கிய வளையம். தக்கையைத் துளையில் வைக்காமல் வளையத்தைப் பிரிக்கக் கூடாது, வளையத்தைப் பிரிக்காமல் கொக்கி இன்ஜினுக்கு எட்டாது. "இனிமே மறக்கணும்னு நெனச்சாலும் மறக்க முடியாது" என்றார். அதற்குப் பிறகு தக்கையை நான் மறக்கவே இல்லை.

இன்னொரு காரியம். இன்ஜினைத் தண்ணீரில் இறக்கி ஓட விட்டால் அதன் பின்பக்கத்து ஓட்டை ஒன்றிலிருந்து ஊசி மாதிரி தண்ணீர் பீச்சும். ஏரித் தண்ணீர் உள்ளே போய் இன்ஜினைக் குளிரவைத்துவிட்டு வெளியே வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது வராவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே வெந்துவிடும். "மெக்கானிக்குங்க இதுக்கு வேற பேரு சொல்லுவானுங்க, உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. சாட்சித் தண்ணின்னு எழுதிக்குங்க" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன். "முன்னாடி அப்புறமா பாக்கலாம். மொதல்ல திரும்பி சாட்சித் தண்ணிய பாருங்க."

இரண்டாம் வருஷம் ஆயுத பூஜைக்கு இன்ஜினை வீட்டுக்கே கொண்டுவந்து, துடைத்து, பூஜையில் வைத்தேன். மேலும் கீழும் சந்தனம் குங்குமம் இட்டேன். பின்பக்கத்தில் பொட்டு வைக்கவே செய்தது போல வட்டமாக ஒரு சின்னக் குழி இருந்தது. அதிலும் நன்றாக அழுத்தி இட்டேன். அந்த வெள்ளிக்கிழமை ஏரியில் இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது, ஆனால் திரும்பிப் பார்த்தால் சாட்சித் தண்ணீர் இல்லை. அணைத்துவிட்டுப் போன் செய்தேன். பாசி சுற்றியிருக்கிறதா என்றார், இல்லை. உள்ளே தண்ணீரை இழுக்கும் ரப்பர் இறக்கை போன மாதம்தான் மாற்றியது. யோசித்தார். பிறகு, "பூஜை போட்டீங்களாக்கா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். புடவையில் ஊக்கு இருந்தால் அதை நீட்டி அந்த ஓட்டையில் விட்டுப் பார்க்கச் சொன்னார். விட்டேன். காய்ந்த சந்தனம் கட்டியாக வந்து விழுந்தது. ஏரி நடுவில் கோயில் வாசனை. சந்தனம் வருகிறது பாய் என்றேன். போனில் ஒன்றும் கேட்கவில்லை. கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறார் என்று புரிந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு, நான் செய்த ஒரு காரியத்துக்கு யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

இன்ஜின் மூடியைக் கொண்டுவரச் சொன்னார். அதன் மேல் உச்சியில், எந்த ஓட்டையும் இல்லாத இடமாகப் பார்த்து, சிவப்புப் பெயிண்டால் ஒரு ரூபாய்க் காசளவு வட்டம் போட்டார். கால் வலியோடு குனிந்து, கை நடுங்காமல், கோடு பிசகாமல் போட்டார். "பொட்டு இங்க வைங்க. எவ்ளோ வேணா வைங்க" என்றார். கடைக்கு வந்திருந்த ஒருவர், என்ன பாய், நீங்களே சாமிக்கு இடம் ஒதுக்குறீங்களா என்று கிண்டல் செய்தார். சாமிக்கு நான் யாருப்பா ஒதுக்க, தண்ணிக்குத்தான் ஒதுக்கறேன் என்று அவர் தலை நிமிராமல் பதில் சொன்னதும் நோட்டில் இருக்கிறது.

அவரால் ஏரிக்கு வர முடியாது. காலில் ஈரம் படக் கூடாது. அதனால் எங்கள் வைத்தியமெல்லாம் போனில்தான். போனை இன்ஜின் பக்கத்தில் வைக்கச் சொல்வார். நான் இப்படி ஆயிற்று, அப்படி ஆயிற்று என்று விளக்க ஆரம்பித்தால், "பேசாதீங்கக்கா, அது பேசட்டும்" என்பார். கேட்டுவிட்டு, ஒரு பிளக் எரியவில்லை, அல்லது தாமரைத் தண்டு சுற்றியிருக்கிறது, அணைத்துச் சிவப்புக் கயிற்றைக் கழற்றிவிட்டுக் கையை வையுங்கள் என்று சொல்வார். பத்துக்கு ஒன்பது முறை அதுவாகவே இருக்கும்.

இதையும் எழுதிவிடுகிறேன். எல்லா வெள்ளிக்கிழமையும் இன்ஜினில் கோளாறு இருந்ததில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏதோ சத்தம் மாறுகிறது பாய் என்று போன் செய்த நாட்கள் உண்டு. பெரிய ஏரி, பனி, மனிதக் குரல் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போனாலும் இல்லை. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் போனை வைக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்பார். ஒரு நாள் வெகு நேரம் கேட்டுவிட்டு, "இன்ஜின் நல்லாக்கீது. நீங்கதான் சரியில்ல. சாப்ட்டீங்களா?" என்றார். சாப்பிடவில்லை. அதை நோட்டில் எழுதவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

ஒரே ஒரு முறை வந்தார். போன தை மாதம், காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஆட்டோவில். காவலரும் ஆட்டோக்காரரும் தாங்கிப் பிடித்து முன்பலகையில் உட்கார வைத்தார்கள். என் வீட்டுக்காரர் இருந்தபோது நான் உட்கார்ந்த இடம் அது. நான் ஓட்டினேன். தண்ணீருக்கு மேல் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது என்றார். அதற்கப்புறம் ஏரியைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்த சாட்சித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். நூற்றெட்டுப் பறித்து முடித்தபோது அவருக்கு ஒன்று கொடுக்க எடுத்தேன். "சாமிக்குன்னு எண்ணி எடுத்ததுல வேணாங்கா" என்று, தானே எட்டித் தனியாக ஒன்றைப் பறித்துக்கொண்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அந்த வீட்டிலிருந்து வந்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. போவதா, வேண்டாமா? இந்த வெள்ளிக்கிழமை போகாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையும் போகமாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். படகில் பாதி தூரம் போய் ஏதாவது ஆனால் கூப்பிட ஆள் இல்லை என்பதும் தெரியும். விடியற்காலை எழுந்து குளித்து, தாயாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தக்கை வைத்தாயிற்று. கொக்கி மாட்டியாயிற்று. முதல் இழுப்பிலேயே பிடித்தது. திரும்பிப் பார்த்தேன், சாட்சித் தண்ணீர் வந்தது. நடு ஏரிக்குப் போகும் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் இன்ஜின் இரண்டு முறை திணறி நின்றது. கயிற்றை இழுத்தேன், ஓடியது, ஒரு நிமிஷத்தில் மறுபடியும் நின்றது. இன்ஜினைத் தூக்கிப் பார்த்தேன், தண்டு ஒன்றும் சுற்றவில்லை. பிளக்கைத் துடைத்து மாட்டினேன். மறுபடியும் அதே. நோட்டைப் புரட்டினேன், எழுத்து கண்ணில் ஏறவில்லை. கையோ பழக்க தோஷத்தில் அவர் நம்பரை அழுத்திவிட்டது. மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. துண்டிக்கப் பார்ப்பதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"அக்கா" என்றது ஒரு பெண் குரல்.

போனில் படகு அக்கா என்று பேர் வந்ததாம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். ஷாஹிதா அதை விடவில்லை. "நேத்து வந்து ஓரமா உக்காந்தது நீங்கதானேக்கா. பெட்ரோல் வாசன வந்துச்சு. கடையிலேந்து அவருதான் உள்ள வர்றாருன்னு ஒரு நிமிஷம் நெனச்சிட்டேன்" என்றார்.

பிறகு அவரே கேட்டார். "இன்னா ஆச்சு, நின்னுடுச்சா?"

ஓடுகிறது, உடனே அணைந்துவிடுகிறது என்றேன்.

"காத்துத் திருகு தொறந்தீங்களா?"

பெட்ரோல் டேங்க் மூடியின் மேல் சின்னதாக ஒரு திருகு இருக்கிறது. எடுத்துப் போகும்போது சிந்தாமல் மூடி வைப்போம். ஓட்டும்போது திறக்க வேண்டும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் வராது, இன்ஜின் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றுவிடும். நூருல்லா பாய் எப்போதும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். நான்கு வருஷத்தில் ஒரு முறைகூட நான் அதைத் திறக்க மறந்ததில்லை. அவர் கேட்பதற்கு முன்னால், திறந்துவிட்டேன் பாய், அதை விட்டுவிட்டு மேலே கேளுங்கள் என்று சலித்துக்கொண்டிருக்கிறேன். குனிந்து பார்த்தேன். மூடியிருந்தது. திருகைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.

"எனக்கு இன்ஜினெல்லாம் தெரியாதுக்கா" என்றார் ஷாஹிதா. "வெள்ளிக்கிழமை காலைல டீ குடிச்சிக்கினு இருக்கும்போது உங்க போன் வரும். டீ ஆறிப்பூடும். மொதல்ல அதத்தான் கேப்பாரு. அதான் கேட்டேன்."

பெட்ரோல் பைப்பில் இருக்கும் ரப்பர் பந்தை அமுக்கிப் பெட்ரோல் ஏற்றிக் கயிற்றை இழுத்தேன். பிடித்துக்கொண்டது, திணறவில்லை. ஓடுகிறதும்மா, வைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வெக்காதீங்கக்கா. அங்கியே கொஞ்ச நேரம் வைங்க. கேட்டுக்கினு இருக்கேன்."

இன்ஜினை ஒட்டி மடியில் போனை வைத்துக்கொண்டு தாமரை இருக்கும் இடம் வரை ஓட்டினேன். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பறிக்க இன்ஜினை அணைத்தபோதுதான் போனை எடுத்துப் பார்த்தேன். இணைப்பு இருந்தது. மூச்சு விடும் சத்தம் கேட்டது. போய் வருகிறேன் என்றேன். சரிக்கா என்றார். அன்றைக்கு நூற்றெட்டை எண்ணி முடித்துவிட்டு, எண்ணிக்கையில் சேராமல் தனியாக ஒன்றைப் பறித்தேன். கோயிலுக்குப் போய்விட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் அதை ஷாஹிதா கையில் கொடுத்தேன். போன தை மாசமும் ஒன்று வந்தது, ரெண்டு நாள் தண்ணீர்ச் செம்பில் இருந்தது என்றார். கணவருக்காகத் துக்கம் காக்கும் நான்கு மாதம் பத்து நாள் அவர் வெளியே வரக் கூடாதாம். நான் போகலாம், போகிறேன்.

நூருல்லா பாயிடமிருந்து என்னிடம் இருப்பவை இவ்வளவுதான். பட்டு நூல் வளையம் ஒன்று, நைந்து வருகிறது, ஆனால் மாற்றப்போவதில்லை. இன்ஜின் உச்சியில் ஒரு சிவப்பு வட்டம், வெள்ளிக்கிழமைச் சந்தனம் அதற்குள்தான் இடுகிறேன், வெளியே ஒரு துளி போவதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: காத்துத் திருகு திறந்தாயா. நான்கு வருஷம் தேவையில்லை என்று அதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். அப்புறம், முன்னால் பார்ப்பதற்கு முன் திரும்பிச் சாட்சித் தண்ணீரைப் பார்க்கும் பழக்கம்.

அதைப் பார்த்துவிட்டு இப்போதும் அதே நம்பருக்குப் போன் செய்கிறேன். முதல் மணியிலேயே ஷாஹிதா எடுத்துவிடுகிறார். எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. போனை இன்ஜின் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். அது பேசட்டும்.